தேரி மணலில் ஜெல் போட்டும் செடி வாடுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடி பக்கம் தேரி மணலில் (கடலோரச் செம்மணல் மேட்டு நிலத்தில்) முருங்கையும் எலுமிச்சையும் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணாச்சி, ஜெல் போட்டேன், ஒண்ணும் ஆகலையே?" மூன்று ஏக்கர் செம்மணலில் இதே தொல்லையை நான் மூன்று தடவை பட்டிருக்கிறேன். முதல் தடவை தண்ணீரில் கோளாறு, அடுத்த தடவை போட்ட இடத்தில் கோளாறு, மூன்றாவது தடவை உரத்தில். அதற்குப் பிறகு அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எத்தனையோ குழிகளைத் தோண்டிப் பார்த்தாகிவிட்டது. பெரும்பாலும் ஜெல் நல்ல ஜெல்லாகத்தான் இருக்கிறது. அதைச் சுற்றி நாம் செய்யும் வேலையில்தான் தப்பு.

ஜெல் என்று இங்கே சொல்வது, மணலில் தண்ணீர் நிற்பதற்காக வேர்ப்பக்கம் போடும், சர்க்கரை போல இருக்கும் நீர் உறிஞ்சும் பாலிமர் குருணை. டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கொண்டுவந்த பூசா ஹைட்ரோஜெல், கடைகளில் வரும் பொட்டாசியம் பாலிஅக்ரிலேட், பாலிஅக்ரிலமைடு வகைகள் எல்லாம் இதில் அடங்கும். விலை கிலோவுக்குச் சில நூறு ரூபாயில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியும் போகிறது. அதனால் மறுபடி வாங்கிக் கொட்டுவதற்கு முன்னால், காசு செலவாகாத சோதனைகளை முதலில் செய்துவிடுங்கள்.

கையில் வேண்டியவை: இரண்டு பெரிய டம்ளர், நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு கிராம் தராசு, பழைய வேட்டித் துணி, மம்பட்டி, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் சின்ன டி.டி.எஸ். மீட்டர், ஒரு பாட்டில் மழைத்தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர்.

எந்த அறிகுறியானாலும் முதலில் டம்ளர் சோதனை

ஒரு டம்ளரில் அரை லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர், இன்னொன்றில் அரை லிட்டர் உங்கள் போர்த் தண்ணீர். இரண்டிலும் ஒரு கிராம் குருணை போட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் துணியில் வடிகட்டி, துணியில் நின்ற ஜெல்லை எடை போடுங்கள்.

ஆர்.ஓ. தண்ணீரில் ஊறியது 200 கிராமுக்கு மேல் இருந்தால் பொருள் நல்லது. நல்ல சரக்கு 300, 350 கிராமுக்கும் போகும். துணியில் நுங்கை நசுக்கிப் போட்ட மாதிரி கண்ணாடித் துண்டுகளாக நிற்கும், விரலில் எடுத்தால் உருண்டு ஓடும். போர்த் தண்ணீர் டம்ளரில் அதே ஒரு கிராம் எவ்வளவு வந்தது என்று பாருங்கள். உங்கள் தோட்டத்தில் இந்த ஜெல்லின் உண்மையான பலம் அந்த இரண்டாவது எண்தான். பாக்கெட்டில் அச்சடித்த எண்ணை மறந்துவிடுங்கள், அது சுத்தத் தண்ணீரில் எடுத்த கணக்கு.

இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கீழே பல இடங்களில் தேவைப்படும்.

அறிகுறி 1: டம்ளரிலேயே ஊறவில்லை, அல்லது கொஞ்சமாக ஊறி நின்றுவிடுகிறது

*ஆர்.ஓ. தண்ணீரில் நன்றாக ஊறுகிறது, போர்த் தண்ணீரில் இல்லை என்றால்* கோளாறு தண்ணீரில். உப்புத் தண்ணீரில் எந்த ஜெல்லும் சுருங்கும். கடல் பக்கக் கிணறுகளில் பாதி, மூன்றில் ஒரு பங்கு என்று இறங்குவது சாதாரணம். வெறும் உப்பைவிடச் சுண்ணாம்பும் மெக்னீசியமும் கலந்த கடினத் தண்ணீர் மோசம். பருப்பு வேகாத தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர் என்றால் ஜெல்லும் அதில் விரியாது.

டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பாருங்கள். 500-க்குள் இருந்தால் கவலையில்லை. 500-க்கும் 1,300-க்கும் நடுவில் இருந்தால் ஜெல் வேலை செய்யும், ஆனால் போர்த் தண்ணீர் டம்ளரில் வந்த எண்ணை வைத்துத்தான் அளவு போட வேண்டும். 2,000-ஐத் தாண்டினால் நான் ஜெல் வாங்கச் சொல்ல மாட்டேன். அந்தக் காசில் கரம்பை மண்ணும் (குளத்து வண்டல் களிமண்) மக்கிய தென்னை நார்க்கழிவும் வாங்கலாம். இந்த வரம்புகள் எங்கள் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்து நான் வைத்துக்கொண்டவை, புத்தகத்தில் எடுத்தவை அல்ல.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. குருணையை முதல் தடவை நல்ல தண்ணீரில் ஊறவைப்பது. நமக்கு நல்ல தண்ணீர் ஐப்பசி, கார்த்திகை மழைதான். புரட்டாசியில் குழியில் போட்டு மூடிவிட்டால் மழைத்தண்ணீர் அதை முழுசாக விரித்துவிடும். பிறகு தை மாதம் போர்த் தண்ணீர் பாய்ச்சும்போது கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். ஆனால் அதற்குள் கன்றின் வேர் அதைச் சுற்றிப் பிடித்திருக்கும். சித்திரை வெயிலில் போர்த் தண்ணீரில் முதல் ஊறல் கொடுப்பதுதான் நான் பார்த்ததிலேயே அதிகமாக நடக்கும் தப்பு. என் முதல் வருடம் வீணானது அப்படித்தான்.

*இரண்டு டம்ளரிலும் ஊறவில்லை என்றால்* பொருளைச் சந்தேகப்படுங்கள். பாக்கெட் பிரிந்து கிடந்து கடல் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கட்டியாகியிருக்கலாம். உடைத்துப் போட்டும் ஊறவில்லை என்றால் பழையது அல்லது கலப்படம். அடியில் கரையாத உப்பு மாதிரி ஏதாவது நின்றால் பாக்கெட்டோடு கடைக்குத் திரும்பிப் போங்கள். பில் வாங்காமல் ஜெல் வாங்காதீர்கள்.

*ஊறுகிறது, ஆனால் துண்டாக நிற்காமல் சளி மாதிரி கொழகொழவென்று ஓடுகிறது என்றால்* அது பிணைப்பு குறைந்த சரக்கு. மணலில் போட்டால் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். வேண்டாம்.

அறிகுறி 2: டம்ளரில் ஊறுகிறது, குழியில் தோண்டிப் பார்த்தால் குருணை குருணையாகவே கிடக்கிறது

*முதல் சந்தேகம்: தண்ணீரே அங்கே போகவில்லை.*

சொட்டுநீர் போட்டவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். களிமண்ணில் சொட்டு விழுந்தால் ஈரம் பக்கவாட்டில் பரவும். மணலில் அப்படிப் பரவாது, நேராகக் கீழே இறங்கும். ஒரு மணி நேரம் ஓடவிட்டு டிரிப்பருக்கு நேரே மம்பட்டியால் செங்குத்தாக வெட்டிப் பாருங்கள். ஈர மணல் ஒரு கேரட்டைத் தலைகீழாக்காமல் அப்படியே நட்டது போலத் தெரியும். மேலே ஒரு சாண், ஒன்றரைச் சாண் அகலம், கீழே போகப் போகக் கூம்பு. அதற்கு வெளியே மணல் காய்ந்து பொலபொலவென்று உதிரும்.

போன வருடம் பக்கத்துத் தோட்டத்தில் இப்படித்தான் வெட்டிப் பார்த்தோம். குழி முழுக்க வட்டமாக 50 கிராம் தூவியிருந்தார். ஈரக் கேரட்டுக்குள் இருந்த குருணை மட்டும் வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி விரிந்திருந்தது. மற்றதெல்லாம் போட்ட அன்று எப்படியிருந்ததோ அப்படியே, உள்ளங்கையில் எடுத்தால் சீனி மாதிரி கலகலவென்றது. காசில் முக்கால்வாசி காய்ந்த மணலில் கிடந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, குனிந்து ஒரு பிடி அள்ளிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சரி செய்வது இப்படி:

- செடிக்கு ஒரு டிரிப்பர் இருந்தால் இரண்டாக்குங்கள், தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி எதிரெதிராக.
- ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் ஓடவிடாமல், அரை அரை மணியாகப் பிரித்து விடுங்கள். ஈரம் கொஞ்சமாவது அகலும்.
- முதல் ஊறலுக்குச் சொட்டுநீரை நம்பாதீர்கள். வட்டப்பாத்தி கட்டிக் குடத்திலோ ஹோஸ் குழாயிலோ ஊற்றுங்கள். ஊற்றி அரை மணி கழித்து மறுபடி ஊற்றுங்கள். குருணை குடிக்க நேரம் வேண்டும், மணலோ நிற்காது.

*முந்திரி, சவுக்குச் சருகு மக்கிய இடமாக இருந்தால்* இன்னொன்றையும் பாருங்கள். காய்ந்த மணல் மேல் ஒரு சொட்டு விட்டால் முத்து மாதிரி உருண்டு நிற்கிறதா? சருகின் எண்ணெய்ப் பசை மணலில் ஏறினால் தண்ணீரைத் தள்ளும். மேல் இரண்டு அங்குலத்தைக் கிளறிவிட்டு, மெதுவாகப் பல தடவை நனையுங்கள். நனைந்துவிட்டால் சரியாகும். மறுபடி காய்ந்தால் மறுபடி வரும், அதனால் மேலே பனையோலையோ வைக்கோலோ மூடாக்குப் போட்டு வையுங்கள்.

*தண்ணீர் போகிறது, ஆனாலும் பாதிதான் விரிந்திருக்கிறது என்றால்* இரண்டு காரணம். ஒன்று, ஆழம். ஒன்றரை அடிக்குக் கீழே போட்டால் மேலேயுள்ள மணலின் பாரம் ஜெல்லை விரியவிடாது. டம்ளரில் தடையில்லை, மண்ணில் தடை உண்டு. எவ்வளவு நல்ல ஜெல்லும் மண்ணுக்குள் டம்ளர் எண்ணைத் தொடாது. இரண்டு, குழியில் போட்ட அடியுரம். டி.ஏ.பி., ஜிங்க் சல்பேட், மெக்னீசியம் சல்பேட், கால்சியம் நைட்ரேட் இவற்றில் எதையாவது ஜெல்லோடு ஒன்றாகக் கலந்தீர்களா? கலந்திருந்தால் அதுதான். விவரம் அறிகுறி 6-இல்.

அறிகுறி 3: ஜெல் நன்றாக விரிந்திருக்கிறது, செடி மட்டும் வாடுகிறது

வாடுவது எந்த நேரத்தில் என்று முதலில் பாருங்கள். மத்தியானம் மட்டும் தொங்கி, சாயந்தரம் நிமிர்ந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆடிக் காற்றில் எந்தச் செடியும் மத்தியானம் தொங்கும். காலை ஆறு மணிக்கும் தொங்கிக்கொண்டிருந்தால் கீழே வாருங்கள்.

*வேர் எங்கே, ஜெல் எங்கே?* தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கையால் மெதுவாகத் தோண்டுங்கள், மம்பட்டி வேண்டாம். சரியான குழியில் ஜெல் துண்டுக்குள்ளேயே நூல் மாதிரி வெள்ளை வேர் நுழைந்திருக்கும், துண்டைத் தூக்கினால் வேரும் கூட வரும். ஜெல் ஒரு பக்கம், வேர் ஒரு பக்கமாக இருந்தால் கன்றை நட்டபின் சுற்றித் தூவிவிட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே நட்ட செடிக்குக் கடப்பாரையால் வேர் நுனி இருக்கும் வட்டத்தில் நாலைந்து துளை போடுங்கள், அரை முதல் முக்கால் அடி ஆழம். ஏற்கெனவே ஊறவைத்த ஜெல்லில் இரண்டு பங்கு மணல் கலந்து ஒவ்வொன்றிலும் ஒரு கை இட்டு மூடுங்கள். காய்ந்த குருணையைத் துளையில் போட்டால் விரியும்போது மேலே பொங்கும்.

*நாள் இடைவெளியைச் சட்டென்று கூட்டிவிட்டீர்களா?* கணக்கைப் பாருங்கள். குழிக்கு 40 கிராம். உங்கள் போர்த் தண்ணீர் டம்ளரில் ஒரு கிராமுக்கு 80 வந்தது, மண்ணின் பாரத்தில் 50 என்று வைத்துக்கொள்வோம். 40 பெருக்கல் 50, 2 லிட்டர். ஜெல் உங்களுக்காகப் பிடித்து வைத்தது அவ்வளவுதான். சின்னக் கன்றுக்கு அது ஒன்றிரண்டு நாள் தாங்கும். காய்க்கிற முருங்கை மரத்துக்கு அரை நாளைக்குக்கூடக் காணாது. "வாரம் ஒருக்கா விட்டாப் போதும்" என்று விற்பவர் சொன்னதை நம்பி நிறுத்தியவர்களின் கன்றுகளைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டிருக்கிறேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை விட்டவர் முதல் மாதம் அதை மாற்றவே கூடாது. புதுத் துளிர் வந்தபிறகு மூன்று நாளாக்கிப் பாருங்கள். காலையில் செடி நிமிர்ந்திருந்தால் அதில் நில்லுங்கள்.

*ஈரம் இருக்கிறது, ஜெல் இருக்கிறது, வேரும் பக்கத்தில் இருக்கிறது, ஆனாலும் வாடுகிறது என்றால்* இனி ஜெல்லை விட்டுவிட்டு வேரைப் பாருங்கள். வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. மணல் நிலத்தில் கத்தரி, தக்காளி, வெண்டைக்கு இது அடிக்கடி வரும். பட்டை சுரண்டப்பட்டு மண் பூசிய மாதிரி இருந்தால் கறையான். வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் கழன்று நடுநரம்பு மட்டும் கையில் வந்தால் அழுகல், அறிகுறி 5-க்குப் போங்கள். இலை ஓரம் மட்டும் தீய்ந்த மாதிரி கருகினால் உப்பு. நூற்புழுவும் உப்பும் நாமாகத் தீர்க்கிற காரியமில்லை, கடைசியில் சொல்லும் இடத்துக்குக் கொண்டு போங்கள்.

அறிகுறி 4: மழை பெய்ததும் குழியிலிருந்து ஜெல் பொங்கி மேலே வருகிறது, கன்று தூக்கிக்கொண்டு நிற்கிறது

அளவு அதிகம், அல்லது கலக்காமல் ஒரே அடுக்காகக் கொட்டியிருக்கிறது. இதற்கு வேறு காரணம் நான் பார்த்ததில்லை. நிறையப் போட்டால் நிறைய நிற்கும் என்று 150, 200 கிராம் கொட்டியவர்கள் உண்டு. சுத்த மழைத்தண்ணீரில் 200 கிராம் குருணை எத்தனை குடம் ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். மண்ணில் அதற்கு இடமேது?

மேலே வந்ததைக் கையால் வழித்து ஒரு வாளியில் எடுத்துவிடுங்கள். வீணில்லை, மூன்று பங்கு மணலில் கலந்து அடுத்த குழிக்கு வைத்துக்கொள்ளலாம். கன்றைப் பிடுங்கி நட வேண்டாம். தூரைச் சுற்றி நல்ல மணல் போட்டுக் காலால் மெதுவாக மிதித்து, ஒரு குச்சி ஊன்றிக் கட்டுங்கள். மேலே கிடக்கும் ஜெல்லை அப்படியே விட்டால் வெயிலில் ஒரு மாதத்தில் கெட்டுவிடும். வழுக்கவும் செய்யும், கோழியும் கொத்தும்.

அடுத்த தடவைக்கு: ஒரு கிலோ மணலுக்கு 1 முதல் 2 கிராம், அதற்கு மேல் வேண்டாம். முழுக் குழிக்கும் கணக்குப் போடாமல், கன்றின் வேர் உட்காரும் நடுப்பகுதிக்கு மட்டும் போடுங்கள். ஒன்றரை அடிக் குழியில் அந்தப் பகுதி நாலு சட்டி மணல் வரும், சட்டிக்கு ஏழெட்டுக் கிலோ. ஆகவே 30 முதல் 60 கிராமுக்குள் முடிந்துவிடும். குருணையை முதலில் பத்து மடங்கு காய்ந்த மணலோடு கலந்து, அதை மற்ற மணலோடு கலந்தால் சமமாகப் பரவும். கை காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கையில் எடுத்தால் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டு வேலை நடக்காது.

அறிகுறி 5: கீழ் இலை மஞ்சளாகி, தூர் கறுத்து மெத்தென்று ஆகிறது

பெரும்பாலும் கார்த்திகை மாதத்தில். மணலில் எங்கே அழுகப்போகிறது என்று அலட்சியமாக இருப்போம், ஜெல் வைத்த குழியில் அழுகும்.

தூரைத் தொட்டுக்கொண்டு ஜெல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் விரலால் சுற்றி எடுத்துவிட்டு, நாலு விரல் அகலத்துக்கு வெறும் மணல் நிரப்புங்கள். மழைக்காலத்திலும் சொட்டுநீரை டைமரில் ஓடவிட்டிருக்கிறீர்களா? நிறுத்துங்கள். வட்டப்பாத்தியில் தண்ணீர் தேங்குகிறதா? ஒரு பக்கம் உடைத்துவிடுங்கள். இந்த மூன்றையும் செய்து ஒரு வாரம் பாருங்கள். புதுத் துளிர் வந்தால் பிழைத்தது. டிரைக்கோடெர்மா விரிடியை (கெட்ட பூசணத்தை அடக்கும் நல்ல பூசணம்) மக்கிய தொழுவுரத்தில் கலந்து தூரில் இடலாம். அது வராமல் தடுக்கும், ஏற்கெனவே முற்றிய அழுகலைத் திருப்பாது.

பத்துக் கன்றுக்கு ஒன்றுக்கு மேல் இப்படி இருந்தாலோ, பக்கத்துக் குழிக்கும் பரவினாலோ காத்திருக்காதீர்கள், மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு எதையாவது வாங்கி ஊற்றவும் வேண்டாம். எந்தப் பூசணம் என்று தெரியாமல் ஊற்றிய மருந்து நல்ல பூசணத்தையும் கொன்றுவிடும். அன்றைக்கே நிபுணரிடம் காட்டுங்கள்.

அறிகுறி 6: தண்ணீர் நிற்கிறது, உரம் நிற்கவில்லை, செடி வெளிறிக் கிடக்கிறது

இதில்தான் நம்பிக்கைக்கும் நடப்புக்கும் தூரம் அதிகம். ஜெல் எல்லாச் சத்தையும் பிடித்து வைக்காது. அமோனியம், பொட்டாஷ் இரண்டையும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். நைட்ரேட்டைப் பிடிக்காது, ஜெல்லுக்குள் இருக்கும் தண்ணீரில் கரைந்தது மட்டும்தான் மிஞ்சும். நாம் போடும் யூரியா மண்ணில் சில நாளிலேயே அமோனியமாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறுகிறது. அப்புறம் ஒரு பெருமழை போதும், அத்தனையும் வேருக்குக் கீழே போய்விடும்.

*அடி இலை மட்டும் மஞ்சள், நுனி பச்சை:* தழைச்சத்து கீழே இறங்கிவிட்டது. உரத்தைக் கூட்டாதீர்கள், பிரியுங்கள். மாதம் ஒருமுறை 100 கிராம் போட்டதை வாரம் 25 கிராமாக, தண்ணீர் விட்டபிறகு போடுங்கள். இதற்குக் காசு ஒன்றும் கூடாது. மணல் நிலத்தில் இந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாக வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

*நுனி இலை வெளிர், நரம்பு மட்டும் பச்சை:* இரும்பு அல்லது துத்தநாகக் குறை. அதை மண்ணில் இடாமல் இலையில் தெளியுங்கள். இரும்பு சல்பேட், ஜிங்க் சல்பேட் இரண்டும் ஜெல்லைச் சுருக்கும்.

*உரம் போட்ட மறுநாள் செடி வாடுகிறது, தோண்டினால் ஜெல் சுருங்கித் தண்ணீர் கசிந்திருக்கிறது:* உர உப்பு ஜெல்லிலிருந்து தண்ணீரை வெளியே இழுத்துவிட்டது. என் மூன்றாவது வருடக் கதை இதுதான். அன்று காலையில் டிரிப் வழியாகக் கால்சியம் நைட்ரேட் விட்டேன். மறுநாள் தோண்டினால் நெல்லிக்காய் அளவு இருந்த துண்டுகள் மிளகு அளவில் கிடந்தன. இரண்டு நாள் நல்ல தண்ணீராக விட்டும் பழைய அளவுக்கு வரவில்லை. சுண்ணாம்புச் சத்து ஜெல்லுக்குள் போய் முடிச்சுப் போட்டுவிட்டால் அவிழ்ப்பது கஷ்டம்.

ஆகவே ஜெல் வைத்த குழிக்கு: முதல் மூன்று வாரம் உரமே வேண்டாம். பிறகு யூரியாவில் தொடங்குங்கள், கரைந்தாலும் உப்பாகப் பிரியாததால் யூரியா ஜெல்லை அவ்வளவாகச் சுருக்காது. பொட்டாஷ் கொஞ்சம் கொஞ்சமாக. கால்சியம், மெக்னீசியம் தேவைப்பட்டால் இலை வழியாக மட்டும்.

*இதையெல்லாம் செய்தும் வெளிறினால்* குழியில் மக்கு இல்லை. ஜெல் தண்ணீருக்குத் துணை, மண்ணுக்குப் பதில் ஆகாது. குழிக்கு இரண்டு சட்டி மக்கிய தொழுவுரம், ஒரு சட்டி மக்கவைத்த தென்னை நார்க்கழிவு, இரண்டு சட்டி கரம்பை. கரம்பையின் களிதான் சத்தை நின்று பிடிக்கும். குளத்து வண்டல் எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். நார்க்கழிவு பச்சையாக இருந்தால் உப்பும் துவர்ப்பும் இறங்கும், அலசி மக்கவைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். என் தோட்டத்தில் ஜெல் மட்டும் வைத்த வரிசையையும், கரம்பையும் ஜெல்லும் சேர்த்து வைத்த வரிசையையும் இன்றைக்கும் வாசலில் நின்றே அடையாளம் சொல்லலாம். கரம்பை விழுந்த வரிசையின் இலை கரும்பச்சை.

அறிகுறி 7: முதல் வருடம் நன்றாக இருந்தது, இரண்டாவது கோடையில் பலனில்லை

ஒரு துண்டைத் தோண்டி எடுங்கள். மணலை அலசிவிட்டு ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு ராத்திரி போடுங்கள்.

- திரும்பப் பெரிதாக விரிந்தால்: ஜெல் நன்றாக இருக்கிறது, மண்ணில் உப்பு ஏறியிருக்கிறது. வாய்க்கால் தண்ணீரோ மழைத்தண்ணீரோ கிடைக்கும்போது குழி நிறைய இரண்டு மூன்று தடவை விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள். மணலில் இது சுலபம், மணலின் நல்ல குணம் அது.
- விரியாமல் ரப்பர் மாதிரி கெட்டியாகவே இருந்தால்: சுண்ணாம்பு பிடித்துவிட்டது. அதை மீட்க முயல்வது வீண் வேலை.
- தேடியும் துண்டே கிடைக்கவில்லை என்றால்: மக்கிப் போய்விட்டது. மாவுச்சத்து, செல்லுலோஸ் கலந்த வகைகள் சீக்கிரம் மக்கும், முழுச் செயற்கை வகைகள் சில வருடம் கிடக்கும். ஆடிக் காற்று மேல் மணலை வாரிக்கொண்டு போய் ஜெல்லை வெயிலில் காட்டியிருந்தாலும் இப்படி ஆகும். குதிரைமொழித் தேரியை ஒட்டிய நிலங்களில் ஒரே ஆடியில் அரை அடி மணல் இடம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். மேற்கு ஓரத்தில் சவுக்கோ அகத்தியோ வேலியாக இல்லாமல் அங்கே மறுபடி ஜெல் போடாதீர்கள்.

மறுபடி போடலாமா? செடி இரண்டு வயது தாண்டி வேர் ஆழம் போயிருந்தால் தேவையில்லை. கன்றைப் பிழைக்கவைக்கும் முதல் இரண்டு கோடைக்குத்தான் ஜெல். வளர்ந்த மரத்துக்கு அந்தக் காசை மூடாக்கில் போடுங்கள்.

குழந்தை டயப்பரைப் பிரித்துப் போடலாமா?

வீடியோ பார்த்துவிட்டுப் பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அதில் இருப்பது சோடியம் வகை, ஏற்கெனவே உப்பு ஏறிய நம் மண்ணில் இன்னும் சோடியத்தைச் சேர்க்கும். உபயோகித்ததைப் போடுவது நோயைப் போடுவது. இன்னொன்று: எந்த ஜெல்லையும் கரைத்து டிரிப் வழியாக விடாதீர்கள். அது கரையாது, ஃபில்டரையும் டிரிப்பரையும் அடைத்துவிடும். குருணைப் பாக்கெட்டைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் வயிற்றுக்குள் விரியும், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது.

எப்போது, யாரிடம், எதை எடுத்துக்கொண்டு போவது

போர்த் தண்ணீர் டி.டி.எஸ். 2,000-க்கு மேல், இலை ஓரக் கருகல், வேர் முடிச்சு, பரவும் அழுகல், உரத்தைப் பிரித்துப் போட்டும் இரண்டு மாதமாக மாறாத வெளிறல். இதில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிடுங்கள். எங்கள் மாவட்டத்துக்கு வாகைக்குளத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி இருக்கிறது. மற்ற மாவட்டத்துக்காரர்கள் தோட்டக்கலை உதவி அலுவலரைக் கேட்டால் வழி சொல்வார்.

வெறுங்கையோடு போனால் பொதுவான பதில்தான் கிடைக்கும். தண்ணீருக்கு: மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று தடவை அலசி ஒரு லிட்டர். மண்ணுக்கு: மேல் ஒரு அடி தனி, அடுத்த ஒரு அடி தனி, நாலைந்து குழியில் எடுத்துக் கலந்து அரை அரை கிலோ. உரம் போட்டு ஒரு மாதம் ஆகாத குழியில் எடுக்க வேண்டாம். செடிக்கு: செத்துக் காய்ந்ததைக் கொண்டு போகாதீர்கள், அதில் ஒன்றும் தெரியாது. இப்போதுதான் வாடத் தொடங்கிய கன்று ஒன்றை வேரோடும் சுற்றியுள்ள மணலோடும் காலையில் எடுத்துப் பையில் கட்டி அன்றைக்கே கொடுங்கள். கூடவே ஜெல் பாக்கெட்டையும், டம்ளர் சோதனையில் எழுதிய அந்த இரண்டு எண்களையும்.